கூண்டுக்குள் எத்தனை புள்ளி?

எங்கள் செட்டிநாட்டு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், ஒரு தூணில் ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட நான்கு பங்காளிகளைக் கேட்க வேண்டும். ஒருவர் கோயம்புத்தூரில், இருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஃபிஞ்ச் குருவிகளுக்கு அங்கே ஒரு பெரிய கூண்டு வைத்துக்கொள்ள அவர்களிடம் சம்மதம் வாங்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. தூணில் துளை போட மாட்டேன், ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றுகூடப் பெயராது, சட்டம் முழுவதும் கழற்றி எடுக்கும்படி இருக்கும் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் சிங்கப்பூரிலிருந்து ‘சரி’ வந்தது.

கூண்டுக்கு மூன்று மாதம் பொறுத்தவன், குருவி வாங்க எடுத்துக்கொண்டது இருபது நிமிடம். அதற்கான விலையை நானும் கொடுத்தேன், குருவிகளும் கொடுத்தன.

பணி ஓய்வுக்குப் பின் பள்ளத்தூர்ப் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பி வந்தேன். வீட்டில் நானும், 84 வயது ஆத்தாவும், தூண் உச்சிகளில் குடியிருந்த புறாக்களும்தான். எட்டுக் கல்யாணம் நடந்த வளவில், அதாவது உள்முற்றத்தில், பேச்சுச் சத்தமே இல்லை. ஃபிஞ்ச் வளர்க்கலாம் என்று தோன்றியது அப்போதுதான். கிளிபோல் அலறாது, புறாபோல் அசுத்தம் செய்யாது, தினையும் தண்ணீரும் போதும் என்று படித்திருந்தேன். 12 அடி நீளம், 6 அடி அகலம், 7 அடி உயரத்தில் கூண்டு தயாரானது. ஃபிஞ்சுகள் செங்குத்தாக ஏறிப் பறப்பவை அல்ல, நேராக நெடுகப் பறப்பவை. அதனால் உயரத்தைவிட நீளம் முக்கியம். அதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். குருவியை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை மட்டும் படிக்கவில்லை. கடைக்காரர் சொல்வார் என்று இருந்துவிட்டேன்.

ஒரு பெருநகரக் கடை. நண்பகல், மே மாதம். ஒரே கூண்டில் அறுபது எழுபது குருவிகள். பத்து ஜீப்ரா ஃபிஞ்ச் கேட்டேன். வலையைக் கையில் வைத்திருந்த பையன், எது எளிதாக அகப்பட்டதோ அதையெல்லாம் பிடித்துப் போட்டான். நன்றாகப் பறக்கும் குருவி வலைக்குத் தப்பிவிடும், பறக்கத் தெம்பில்லாததுதான் முதலில் மாட்டும் என்ற எளிய விஷயம் அன்று எனக்கு உறைக்கவில்லை. மூலையில் ஒன்று பஞ்சு உருண்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. அழகாக இருக்கிறதே என்றேன். “குளிருக்கு அப்படித்தான் உட்காரும் சார்” என்றார் கடைக்காரர். மே மாதத்து வெயிலில் குளிராம்! நானும் தலையாட்டினேன். பார்க்கப் பாவமாக இருந்ததால் அந்தப் பத்தில் ஒன்றாக அதையும் சேர்த்துக்கொண்டேன். போதாக்குறைக்கு, ‘கலர் ஃபிஞ்ச்’ என்று எலுமிச்சை மஞ்சளில் இரண்டு. ஆக மொத்தம் பன்னிரண்டு.

ஊர் வந்து சேரும்போது இருட்டிவிட்டது. அட்டைப் பெட்டியைத் திறந்து நேராகப் பெரிய கூண்டில் விட்டேன். தினை எங்கே, தண்ணீர் எங்கே, எங்கே உட்காருவது என்று எதுவும் தெரியாமல் இருட்டில் வலைமீது மோதிக்கொண்டே இருந்தன. இவ்வளவு சிறிய பறவைக்கு உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பகலெல்லாம் கொறித்தால்தான் இரவு தாங்கும். காலையில் இரண்டு தரையில் கிடந்தன. பஞ்சு உருண்டை அவற்றில் ஒன்று. ஒன்பது நாளில் ஏழு போயின.

மஞ்சள் குருவிகளின் கதை வேறு. மூன்றாம் நாள் அவை குளித்த தட்டில் மஞ்சள் தண்ணீர். சில நாட்களில் சாயம் வெளுத்துத் தவிட்டு நிறமும், மார்பில் மீன் செதில் போன்ற கோடுகளும் தெரிந்தன. நம் புள்ளிச் சில்லை! எங்கள் கண்மாய்க் கரையில் நெல் முற்றும் காலத்தில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் அதே குருவி. காட்டுப் பறவையைப் பிடித்துச் சாயம் தோய்த்து விற்றிருக்கிறார்கள். சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வாங்கியவனும் அதில் சேர்த்திதான். வனத்துறைக்குத் தெரிவித்து ஒப்படைத்தேன். அந்த அலுவலர் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை.

ஆத்தா அத்தனை நாளும் ஒன்றும் சொல்லவில்லை. ஏழாவது குருவியை நான் கிணற்றடியில் புதைத்துவிட்டு வந்தபோது கேட்டார்:

“ஒரு குருவி என்னப்பா எடை இருக்கும்?”

“12 கிராம் இருக்கும் ஆத்தா.”

“ஒன்றரைப் பவுன். ஒன்றரைப் பவுனில் ஒரு நகை எடுக்க நாம் எத்தனை கடை ஏறி இறங்குவோம்? உயிருள்ளதை இப்படியா அள்ளிக்கொண்டு வருவாய்?”

ஆத்தாவின் அப்பச்சி, அதாவது அப்பா, வைரம் பார்க்கத் தெரிந்தவர். கல்லைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாதே, முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார் என்பாராம். குருவிக்கும் அது அப்படியே பொருந்தும். குழல் விளக்கின் கீழ் எல்லாக் குருவியும் பளபளவென்றுதான் இருக்கும். மங்கிய இறகும் ஒட்டிய கண்ணும் பகல் வெளிச்சத்தில்தான் தெரியும்.

இரண்டாம் முறை கடைக்குப் போகவில்லை. சிவகங்கைப் பக்கம் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் வீட்டு மாடியில் ஃபிஞ்ச் வளர்த்துக் குஞ்சு எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பணத்தை எடுத்தேன். “உள்ளே வையுங்கள் அண்ணே, இன்றைக்கு விற்பனை இல்லை. உட்கார்ந்து பாருங்கள்” என்றார். கூண்டிலிருந்து ஐந்தடி தள்ளி ஒரு முக்காலி போட்டார்.

முதல் பத்து நிமிடம் எல்லாக் குருவியும் நடிக்கும் என்றார். புது ஆள் வந்தால் நோயாளிக் குருவிகூட இறகை ஒடுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்காரும். நலிந்தது எதுவென்று வல்லூறுக்குத் தெரிந்தால் அதுதான் முதல் இரை. அந்தப் பயம் எத்தனை தலைமுறை கூண்டில் பிறந்தாலும் போகாது. நாம் அசையாமல் இருந்தால், ஆபத்தில்லை என்று தோன்றிய பிறகு உண்மை வெளியே வரும். கால் மணி நேரத்துக்கு மேல் பார்க்கப் பொறுமை இல்லாதவன் வாங்கவே கூடாது என்பது அவர் கட்சி. இப்போது என் கட்சியும் அதுதான்.

அந்த முக்காலியில் நான் மொத்தம் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். இறகை உப்பிக்கொண்டு தூங்குவது எல்லாமே நோயில்லை. மதிய நேரத்தில் ஆரோக்கியமான குருவியும் ஒற்றைக் காலில் நின்றபடி ஒரு குட்டித் தூக்கம் போடும். மற்றவை எல்லாம் தாவித் திரியும் வேளையில், இரண்டு காலையும் ஊன்றி, உடம்பை உப்பி, கண்ணைச் செருகிக்கொண்டிருப்பதுதான் கவலைக்குரியது. அதன் வாலைப் பாருங்கள் என்றார். மூச்சுக்கு மூச்சு வால் தையல் இயந்திரத்து ஊசிபோல ஏறி இறங்கினால் நுரையீரலிலோ அதோடு இணைந்த காற்றுப்பையிலோ கோளாறு. அடுத்தது, தின்பதுபோல் பாவனை செய்யும் குருவி. இது எனக்குப் பெரிய வியப்பு. தினைக் கிண்ணத்தருகே நாள் முழுக்க இருக்கும், மணியை எடுத்து அலகில் உருட்டும், கீழே போட்டுவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ‘நன்றாகச் சாப்பிடுகிறது’. கையில் பிடித்தால்தான் தெரியும், நெஞ்செலும்பு கத்தி விளிம்புபோல் துருத்திக்கொண்டிருக்கும். நல்ல குருவிக்கு அந்த எலும்பின் இருபுறமும் சதை பிடித்திருக்கும்.

கையில் பிடித்தபோதே வயிற்றின் அடிப்பக்கத்து இறகை ஊதிப் பார்த்தார். கழிவு ஒட்டிக் காய்ந்திருந்தால் வேண்டாம். மூக்குத் துளையில் ஈரமோ அடைப்போ கூடாது. பிறகு குருவியைக் காதருகே கொண்டுபோனார். கடிகாரம் மாதிரி ‘டிக் டிக்’ என்று மெல்லிய ஒலி கேட்டால் காற்றுப்பை உண்ணியாக இருக்கலாம், கோல்டியன் ஃபிஞ்சில் அதிகம் வரும் தொல்லை அது.

வழுக்கை விஷயத்தில் மட்டும் நான் அவரை மடக்கப் பார்த்தேன். ஒரு பெட்டைக்குப் பின்தலையில் இறகே இல்லை. இது நோய்தானே என்றேன். சிரித்தார். “தன் பின்தலையைத் தானே கொத்த முடியுமா அண்ணே? மற்றது பிடுங்கியிருக்கிறது. தனியே வைத்தால் முளைத்துவிடும்.” நெரிசலான கூண்டில் குருவிகள் ஒன்றையொன்று பிடுங்கும். அதைப் பார்த்து வருத்தப்பட வேண்டியது கூண்டின் சொந்தக்காரரைப் பற்றித்தான். மாறாக, அதே கூண்டில் ஒரு குருவி உண்மையிலேயே நோயுற்றிருந்தால், அதை விட்டுவிட்டு மற்றதை வாங்கலாம் என்று நினைக்கக் கூடாது. எல்லாம் ஒரே தண்ணீரைக் குடித்தவை. கையைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட வேண்டும்.

பாவம் பார்த்து வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. நான் அந்தப் பஞ்சு உருண்டையைக் காப்பாற்றவில்லை. அதன் இடத்தைக் காலி செய்து கொடுத்தேன், அவ்வளவுதான். மறுநாளே அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கும். அது கொண்டுவந்த நோயை என் வீட்டில் மற்ற ஒன்பதுக்கும் பரிமாறியும்விட்டேன். இதை எழுதும்போது எனக்குக் கல்நெஞ்சு என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும்.

இனி புள்ளிக் கணக்கு. செட்டிநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நகரத்தார் ஊர்களில் கோயில் வரிக்குத் தலையை எண்ணுவதில்லை, புள்ளியை எண்ணுவோம். கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. கல்யாணமாகாதவன் எவ்வளவு சம்பாதித்தாலும் கணக்கில் வர மாட்டான். “கூண்டுக்குள் எத்தனை புள்ளி?” என்றுதான் ஆத்தா கேட்பார். ஃபிஞ்ச் கூண்டை எண்ண இதைவிடச் சரியான முறை கிடையாது. ஜோடி சேராத ஓர் ஆண் இருந்தால் போதும், மற்றவர் குடித்தனத்தில் எல்லாம் மூக்கை நுழைக்கும், கூட்டைக் கலைக்கும், அடைகாப்பதைக் கெடுக்கும்.

ஜீப்ராவில் ஆண், பெண் பார்ப்பது எளிது. ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, மார்பில் கறுப்புப் பட்டை, விலாவில் வெள்ளைப் புள்ளிகளுடன் செம்பழுப்பு. பெட்டைக்கு இது எதுவும் இல்லை. முழு வெள்ளை ரகத்தில் அலகைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு நல்ல சிவப்பு, பெட்டைக்கு ஆரஞ்சு. அலகு கறுப்பாக இருந்தால் குஞ்சு. தாய் தகப்பன் ஊட்டுவதை விட்டு ஒரு மாதமாவது ஆகி, அலகு முழுவதும் நிறம் மாறிய பிறகுதான் நடத்துநர் விற்கிறார். ‘கறுப்பு அலகுதான் இளசு, பழகும்’ என்று விற்பவர்கள் உண்டு. ஃபிஞ்ச் பழகுகிற பறவை அல்ல. கையில் வந்து உட்காரும் என்ற எண்ணத்தில் இதை வாங்காதீர்கள். பார்த்துக்கொண்டிருக்கத்தான் இது.

பெங்காலி ஃபிஞ்சில்தான் சிக்கல். ஆணும் பெண்ணும் ஒரே அச்சு. பெயர்தான் பெங்காலி, வங்காளத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வெண்முதுகுச் சில்லையிலிருந்து சுமார் 250 ஆண்டுகளாக ஜப்பானில் வளர்ப்புப் பறவையாக ஆக்கப்பட்டது. காட்டில் இந்த இனம் கிடையாது. பாடுவது ஆண் மட்டுமே. ஆகவே ஒன்றைத் தனியே வைத்து, சற்று நேரம் கழித்து இன்னொன்றை உள்ளே விட வேண்டும். மார்பை உப்பிக்கொண்டு துள்ளித் துள்ளிப் பாடினால் ஆண். பாடாதது எல்லாம் பெண் என்று சொல்லிவிட முடியாது, சோம்பேறி ஆணாகவும் இருக்கலாம். கடையில் ‘ஜோடி’ என்று கொடுப்பதில் பாதி, இரண்டு அண்ணன் தம்பிகளாகவோ அக்கா தங்கைகளாகவோ இருந்துவிடும். ஆணும் பெண்ணுமாக அமைந்தாலும் ஒரே கூட்டில் பிறந்தவையா என்று கேட்க வேண்டும். நடத்துநர் குஞ்சுக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும்போதே ஆண்டு பொறித்த வளையத்தைக் காலில் மாட்டிவிடுகிறார், நோட்டில் எழுதியும் வைக்கிறார். ஒரே கோயில் பிரிவுக்குள் கல்யாணம் செய்யாத ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

எந்த இனம் என்ற கேள்விக்கு என் பதில் ஒருசார்பானது: எங்கள் மண்ணுக்கு ஜீப்ரா. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை அது, மழையை எதிர்பார்த்துக் குடும்பம் நடத்துவது. வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு இது புரியும். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. அடைகாக்கும் கடைசி நாட்களில் வெப்பம் 26 டிகிரிக்கு மேல் போனால், ஜீப்ரா பெற்றோர் முட்டையைப் பார்த்துத் தனியாக ஒரு குரல் கொடுக்கின்றன. அதைக் கேட்டுப் பிறக்கும் குஞ்சுகள் வெயிலுக்கு ஏற்றபடி உடம்பைச் சிறிதாக வளர்த்துக்கொள்கின்றன. எங்கள் வளவில் பகல் வெப்பம் 26 டிகிரியைத் தாண்டாத நாள் அபூர்வம். ஆஸ்திரேலியா 1960-லேயே தன் பறவைகளின் ஏற்றுமதியை நிறுத்திவிட்டதால், இங்கே விற்பவை எல்லாம் பல தலைமுறைகளாகக் கூண்டில் பிறந்தவை. மனதுக்கு அது ஓர் ஆறுதல்.

கோல்டியனை நடத்துநரிடம் பார்த்தேன். ஊதா மார்பு, மஞ்சள் வயிறு, பச்சை முதுகு, சிவப்புத் தலை. எங்கள் முகப்பில் பதித்த பெல்ஜியம் கண்ணாடி உயிர்பெற்று வந்த மாதிரி. கண் நிறையப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். முதன்முதலாகக் கூண்டு வைப்பவனுக்கு ஏற்ற பறவை அல்ல. ஜாவா குருவி கம்பீரமானது, ஆனால் அது சைட்டீஸ் என்னும் வனவுயிர் வணிகப் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2024-இல் வந்த விதிகளின்படி அதை வளர்ப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் அதற்கான காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். முகம் மாறினால் கிளம்பிவிடுங்கள். நம் ஊரில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று அழைக்கும் பட்ஜிகளையும், ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸையும் ஃபிஞ்சோடு சேர்க்கவே கூடாது. வளைந்த அலகால் ஃபிஞ்சின் காலைக் கடித்துவிடும்.

நான்காம் ஞாயிறு நான்கு ஜோடிகள் வாங்கினேன். ஜோடி 600 ரூபாய். முதல் பேருந்தில் போய், வெயில் ஏறுமுன் திரும்பினேன். காற்றுத் துளையிட்ட சிறிய அட்டைப் பெட்டிகள், தரையில் தினை, தாகத்துக்கு வெள்ளரித் துண்டு. அவர் போடும் அதே தினையும் சாமையும் இரண்டு கிலோ கேட்டு வாங்கிக்கொண்டேன். இடம் மாறும் நாளில் உணவும் மாறக் கூடாது. வந்தவுடன் பெரிய கூண்டில் விடவில்லை. முகப்பை ஒட்டிய அறையில் 30 நாள் தனியே வைத்தேன். பழைய மூன்றுக்குத் தீவனம் வைத்துவிட்டுக் கை கழுவாமல் அந்த அறைக்குள் போகக் கூடாது என்று ஆத்தா வாசலில் ஒரு சொம்பும் சோப்பும் வைத்துவிட்டார்.

முட்டையிடும் பெட்டைகளுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்குக் கணவாய் ஓடு என்று கடை கடையாகத் தேடினேன், கடைசியில் நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்ற பெயரில் அதுவே இருந்தது. “யாருக்கு, என்ன உடம்புக்கு?” என்று கடைக்காரர் கரிசனத்தோடு விசாரித்தார். குருவிக்கு என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

ஒரு தவறு அப்போதும் செய்தேன். நான் வாங்கியது ஐப்பசி. தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை, அதே மாவட்டத்தில் இருக்கும் எங்கள் தெருவுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. புது இடத்துக் குருவி நள்ளிரவில் வெடிச் சத்தம் கேட்டால் இருட்டில் மோதிச் செத்துவிடும். அந்த இரவு முழுவதும் அறையில் சின்ன விளக்கு ஒன்றை எரியவிட்டு, சன்னல்களுக்குச் சமுக்காளம் கட்டி, நானும் அங்கேயே படுத்துக்கொண்டேன். எட்டும் பிழைத்தன.

இப்போது கூண்டுக்குள் ஐந்து புள்ளி. நான்கு புது ஜோடிகள், பழையதில் மிஞ்சிய ஓர் ஆணும் ஒரு பெட்டையும். பழையதில் மூன்றாவதும் ஒரு பெட்டை, அது ஒண்டிக்கட்டை. ஆத்தா தன் கணக்கு நோட்டில் அதை எழுதாமலே வைத்திருக்கிறார். மண்கலயங்களில் இரண்டில் முட்டை இருக்கிறது.

போன வாரம் நடத்துநர் தொலைபேசியில் கூப்பிட்டார். வேறு கூட்டில் பிறந்த மூன்று ஆண் குஞ்சுகளுக்கு அலகு சிவக்க ஆரம்பித்திருக்கிறதாம். ஆத்தாவிடம் சொன்னேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டுவிட்டு, “இந்த ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வா. வாங்கி வந்துவிடாதே” என்றார்.